மச்சில் கிடக்கும் கேசட் முதல் இணையக் காப்பகம் வரை: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

குமரி மாவட்டத்துப் பழைய வீடுகளில் மச்சிலும் அலமாரியின் அடித்தட்டிலும் இன்னும் விஎச்எஸ் கேசட்டுகள் கிடக்கின்றன. பெரும்பாலும் கல்யாண வீடியோ. அவற்றுக்கு நடுவே முதுகில் பேனாவால் 'பிள்ளைகள் ப்ரோகிராம்' என்று எழுதிய ஒன்றிரண்டும் அகப்படும். வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்த டெக்கில் (கேசட்டை ஓட்டவும் அதில் பதிவு செய்யவும் உதவும் கருவி), பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் பதிவு செய்தவை அவை. அவற்றைக் கணினிக்கு மாற்றி, இணையக் காப்பகத்தில் (இன்டர்நெட் ஆர்கைவ்) ஏற்றும்வரை எங்கெல்லாம் சிக்கல் வரும், எதைப் பார்த்து எதைச் சரிசெய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. முழுவதும் படிக்கத் தேவையில்லை. முதல் இரண்டு பகுதிகளை மட்டும் படித்துவிட்டு, உங்களுக்கு வந்திருக்கும் அறிகுறிக்கு நேரே போகலாம்.

எந்தக் கேசட்டை முதலில் எடுப்பது?

'சக்திமான்' 1997 முதல் 2005 வரை ஓடிய தொடர். 2020 ஊரடங்கின்போது தூர்தர்ஷனே அதை மறுபடி ஒளிபரப்பியது. அதற்கு ஊரெல்லாம் பிரதி உண்டு. மோக்லி வரும் 'ஜங்கிள் புக்' கதையும் அப்படியே. இவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். சென்னைத் தொலைக்காட்சியின் 'கண்மணிப் பூங்கா', பள்ளி மாணவர்களுக்கான 'காண்போம் கற்போம்', திருவனந்தபுரம் நிலையத்தின் மலையாளச் சிறுவர் நிகழ்ச்சிகள், இலங்கை ரூபவாஹினியிலிருந்து பிடித்தவை, தொண்ணூறுகளில் உள்ளூர் கேபிள்காரர்கள் எடுத்த பாட்டுப் போட்டி, மாறுவேடப் போட்டி ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். உள்ளூர் கேபிள் நிகழ்ச்சிக்கு உங்கள் வீட்டுக் கேசட்டைத் தவிர வேறு பிரதி இல்லாமலே இருக்கக்கூடும்.

டேப் விலை அதிகம் என்பதால் நிலையங்களே பழையதை அழித்து அதன்மேல் புதியதைப் பதிவு செய்த காலம் ஒன்று இருந்தது. பிபிசி தன்னுடைய 'டாக்டர் ஹூ' குடும்பத் தொடரின் 1960களைச் சேர்ந்த பல பகுதிகளை இப்படித்தான் இழந்தது. படம் போன பகுதிகளுக்கும் ஒலி மட்டும் முழுமையாக இன்று இருக்கிறது. வீட்டிலிருந்து பதிவு செய்த ரசிகர்களால் வந்தது அது.

டெக்கில் போடும் முன்

கேசட்டின் முதுகு விளிம்பில் ஒரு மூலையில் சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிடுங்கள். அது இல்லையென்றால் டெக்கால் பதிவு செய்ய முடியாது. தவறி சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது.

அடுத்து, போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு கேசட்டைத் தனியாக எடுத்து வையுங்கள். கடையில் விற்ற சினிமா கேசட் நல்லது. யாருடைய கல்யாணம் என்று யாருக்குமே தெரியாத கேசட்டும் உதவும். பல வருடம் சும்மா கிடந்த டெக்கில் முதலில் அதைத்தான் போட வேண்டும். முன்னும் பின்னும் ஓட்டி, நிறுத்தி, வெளியே எடுத்து, டேப் கசங்காமல் வருகிறதா என்று பாருங்கள். கசங்கினால் டெக் மெக்கானிக்கிடம் போகட்டும். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்தியதோடு புது டெக் தயாரிப்பே முடிந்துவிட்டது. இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

கீழே வரும் பாதிச் சிக்கல்களுக்கு ஒரே சோதனைதான். கோளாறு தெரியும் இடத்தைப் பத்து விநாடி பாருங்கள். பின்னால் ஓட்டி அதே பத்து விநாடியை மறுபடி பாருங்கள். கோளாறு அதே இடத்தில் அதே உருவத்தில் வந்தால் அது டேப்பில் இருக்கிறது. இடம் மாறியோ உருவம் மாறியோ வந்தால் டெக்கிலோ கம்பியிலோ கணினியிலோ இருக்கிறது. இதைச் செய்யாமல் டேப்பில் கைவைக்காதீர்கள். சந்தேகப்பட வேண்டிய வரிசையில் டேப் கடைசி. அவசரத்தில் முதலில் கெடுவதும் அதுதான்.

அறிகுறி: கேசட் ஜன்னலில் வெள்ளையாகப் பொடி தெரிகிறது

பூஞ்சணம். நம்மூரில் இதுதான் முதல் எதிரி. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம். போதாததற்குக் குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று வேறு. டேப்பில் காந்தப் பொடியைப் பிடித்துவைத்திருக்கும் பசையும் ஈரத்தை இழுக்கும். அதன்மேல் பூஞ்சணம் சுகமாக வளரும்.

இந்தக் கேசட்டை டெக்கில் போடவே கூடாது. போட்டால் வித்துகள் ஹெட்டிலும் (டேப்பில் பதிந்ததைப் படிக்கும் முனை) உருளைகளிலும் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் போய்ச் சேரும். முதல் வேலையாகப் பூத்த கேசட்டுகளைத் தனித்தனியாக ஜிப் உறையில் போட்டு மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

பூஞ்சணம் ஈரமாக இருக்கும்போது துடைத்தால் சாந்து பூசியதுபோல டேப் முழுக்க இழுபடும். காய்ந்தபின் துடைத்தால் பொடியாக உதிரும். அதனால் முதலில் காய வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு இரண்டு மூன்று வாரம் வையுங்கள். நிறம் மாறும் வகை சிலிகா ஜெல்லாக இருந்தால், ஈரம் குடித்துவிட்டது என்று கண்ணாலேயே தெரியும், உடனே மாற்றலாம். வெயிலில் வைக்க வேண்டாம். கூடும் தளர்ந்துவிடும், டேப்பும் நெளிந்துவிடும். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகையறை சூடாகத்தானே இருக்கிறது என்று அங்கே கொண்டுபோய் வைப்பவர்களும் உண்டு. புகைக்கரி படிந்த டேப்பைப் பிறகு யாராலும் சுத்தம் செய்ய முடியாது. அடுப்பில் வேகவைக்கும் முறை ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. அது வேறு வகை ஒலிநாடாக்களுக்காக, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளில் செய்வது. வீட்டு அவனில் செய்ய வேண்டாம்.

காய்ந்தபின் துடைக்கும் வேலையை வீட்டுக்கு வெளியே, என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம். கேசட்டின் அடியில் ஐந்து திருகாணிகள் இருக்கும். கழற்றுவதற்கு முன் உள்ளே டேப் போகும் பாதையை ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது குழப்பம் வராது. சுருளின் மேற்பரப்பையும் அடிப்பரப்பையும் நூல் உதிராத துணியால் மெதுவாக ஒற்றித் துடையுங்கள். விடாத இடத்தில் மட்டும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம். கை கழுவும் சானிடைசர் உதவாது. அதில் தண்ணீரும் கிளிசரினும் உண்டு. கூடு மிக அழுக்காக இருந்தால், பயனில்லாத வேறொரு கேசட்டின் கூட்டைக் காலிசெய்து சுருள்களை அதில் மாற்றிவிடுங்கள்.

இந்த வேலைக்கு நம்மூரில் நல்ல காலம் தை முதல் பங்குனி வரை. ஆனி ஆடியில் காய வைப்பது வீண்.

அறிகுறி: டெக் கேசட்டை வாங்கிக்கொள்கிறது, ஆனால் ஓடவே மறுக்கிறது

முகப்பில் ஈரத்தைக் குறிக்கும் எழுத்தோ 'டி' என்ற ஒற்றை எழுத்தோ மின்னினால் டெக்குக்குள் வியர்த்திருக்கிறது. ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தாலும், அடைமழை நாளிலும் இது வரும். ஹெட் உருளை ஈரமாக இருக்கும்போது ஓடினால் டேப் அதில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் அந்த உணரி. மின்சாரம் கொடுத்து, கேசட் போடாமல் இரண்டு மணி நேரமாவது விட்டுவிடுங்கள். தானாகச் சரியாகும்.

எழுத்து எதுவும் மின்னாமல் சில விநாடி ஓடி நின்றால் ரப்பர் பட்டையோ சின்னச் சக்கரமோ இறுகிவிட்டது. டேப்பைச் சுற்றிக்கொள்ள வேண்டிய சுருள் சுழலாததை டெக் கண்டுபிடித்து நிறுத்துகிறது. மறுபடி மறுபடி பொத்தானை அழுத்தினால் உள்ளே டேப் மாலையாகக் கொட்டும். மின்சாரத்தைத் துண்டித்து, மூடியைத் திறந்து எடுங்கள். பழக்கம் இல்லாவிட்டால் பழைய டிவி மெக்கானிக்கிடம் கொடுங்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் விசாரித்தால் டெக் பழுதுபார்த்த கை இன்னும் கிடைக்கும்.

டேப் அறுந்துவிட்டதா? செல்லோடேப் வேண்டாம். அதன் பசை வெயில்காலத்தில் வழிந்து ஹெட்டுக்குப் போகும். இதற்கென்றே உள்ள ஒட்டுநாடாவால் பின்பக்கம் ஒட்டி, ஒருமுறை ஓட்டிப் பதிவு செய்துவிட்டு ஓரமாக வைத்துவிடுங்கள்.

அறிகுறி: சத்தம் நன்றாக வருகிறது, படம் முழுக்க வெள்ளைப் பொரி

வீடியோ ஹெட் அடைத்திருக்கிறது. ஒலியைப் படிப்பது அசையாத வேறொரு ஹெட், அதனால்தான் சத்தம் மட்டும் தப்பிக்கிறது. நம் நாட்டுத் தொலைக்காட்சியின் பால் (PAL) முறையில் வீடியோ உருளை நிமிடத்துக்கு 1500 முறை சுழல்கிறது. அதிலுள்ள ஹெட் முனையில் ஒரு தூசி இருந்தாலே போதும்.

சுத்தம் செய்யும்போது வெள்ளைத் தாளை மடித்து 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, உருளையின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகையால் உருளையின் மேற்பகுதியை மெதுவாகச் சுழற்றுங்கள். தாள் அசையக் கூடாது, உருளைதான் அசைய வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் முனை ஒடியும். காது குடையும் பஞ்சுக்குச்சி வேண்டவே வேண்டாம், நூல் சிக்கிக்கொள்ளும். பதினைந்து நிமிடம் காயவிட்டு, அந்த உதவாக் கேசட்டைப் போட்டுப் பாருங்கள். ஒரே கேசட்டை ஓட்டினால் மட்டும் மறுபடி மறுபடி அடைக்கிறது என்றால், அந்த டேப் பொடி உதிர்க்கிறது. உதிர்ந்ததைத் துடைத்துத் துடைத்து, பகுதி பகுதியாகப் பதிவு செய்து கணினியில் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அறிகுறி: படத்தின் குறுக்கே கோடுபட்டை

ஹெட் டேப்பின் தடத்தில் சரியாகப் பொருந்தச் செய்யும் டிராக்கிங் பொத்தானை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். தானியங்கி டிராக்கிங் எல்லா நேரமும் நம்பத்தக்கது இல்லை, கையால் வைப்பதே மேல். கோடுபட்டை போகவே இல்லை என்றால் கேசட் எல்பி என்ற பாதி வேகத்தில் பதிவானதா என்று கவனியுங்கள். மூன்று மணி நேரக் கேசட்டில் ஆறு மணி நேரம் பிடிக்க எல்பியில் போடுவது வழக்கம். பதிவு செய்த டெக்கிலேயே அது சரியாக ஓடும், வேறு டெக்கில் தடுமாறும். அந்தப் பழைய டெக் வீட்டிலேயே இருந்தால் பழுதானாலும் தூக்கி எறியாமல் அதைப் பழுதுபார்ப்பது நல்லது.

படம் தெளிவாக இருக்கும்போதே ஒலியில் மட்டும் கரகரப்பு வந்தால், டெக்கின் ஒலித் தேர்வை ஹைஃபையிலிருந்து சாதாரணத்துக்கு மாற்றுங்கள். விடாத ஒரே 'ம்ம்' என்ற ரீங்காரம் வேறு கதை. லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், நின்றுவிட்டால் வீட்டு எர்த் சரியில்லை. அதுவரை பேட்டரியில் பதிவு செய்யலாம்.

அறிகுறி: படம் வருகிறது, நிறம் வரவில்லை

இதில் குமரிக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. துபாய், மஸ்கட், குவைத் போன்ற இடங்களில் ஒளிபரப்பு நம்மைப்போலவே பால் முறை. சவூதியில் மட்டும் செக்காம் (SECAM) என்ற வேறு வண்ண முறை நெடுங்காலம் இருந்தது. சவூதியில் இருந்த மாமா அங்கே அரபு கார்ட்டூனைப் பதிவு செய்து கொண்டுவந்திருந்தால், அந்தக் கேசட்டில் நிறம் மீசெக்காம் என்ற முறையில் பதிந்திருக்கும். பால் மட்டும் தெரிந்த டெக்கில் போட்டால் கறுப்பு வெள்ளையாக, ஆனால் துல்லியமாக ஓடும். டேப் கெட்டதென்று நினைத்துவிடக் கூடாது. வளைகுடாவில் விற்ற பல டெக்குகள் இரண்டு முறையும் தெரிந்தவை, பின்பக்கத்திலோ மெனுவிலோ தேர்வு இருக்கும். டெக்கில் மாற்றியபின் கணினியில் பிடிக்கும் மென்பொருளிலும் செக்காம் என்று மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் டிவியில் நிறம் வரும், கோப்பில் வராது.

மென்பொருளில் என்டிஎஸ்சி (அமெரிக்க முறை) என்று தவறாக நின்றாலும் நிறம் போகும், படம் உருளவும் செய்யும். நம் ஊர் டேப்புக்குப் பால், 720க்கு 576, விநாடிக்கு 25 படம். நிகழ்ச்சியே கறுப்பு வெள்ளையோ என்று பார்ப்பதும் நல்லது. இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு 1982இல்தான் வந்தது. அதற்கு முன் எடுத்த பலவற்றைப் பின்னாலும் மறுஒளிபரப்பு செய்தார்கள்.

அறிகுறி: டிவியில் ஓடுகிறது, கணினியில் நீலத்திரை அல்லது துண்டு துண்டு

பழைய டிவி ஆட்டம் காணும் சமிக்ஞையையும் பொறுத்துக்கொண்டு காட்டிவிடும். கணினியில் செருகும் சின்ன யுஎஸ்பி கருவிக்கு அந்தப் பொறுமை கிடையாது. தேய்ந்த டேப்பிலிருந்து வரும் கோடுகள் சீரான இடைவெளியில் வராது. படத்தின் மேல்முனை ஒருபக்கமாக வளைவதும் அதனால்தான். கருவி குழம்பிப் படங்களை விட்டுவிடும்.

முதலில் டெக்கின் மெனுவில் நீலப் பின்னணியை அணைத்துவிடுங்கள். சமிக்ஞை கொஞ்சம் தளர்ந்தாலே டெக் படத்தை மறைத்து நீலத்தைக் காட்டும், கோப்பிலும் நீலமே பதியும். பொரிப்பொரியான படமாவது மிஞ்சட்டும். அடுத்து, டெக்குக்கும் கணினிக்கும் நடுவே, கோடுகளின் இடைவெளியைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் தேவை. தனிக் கருவி விலை அதிகம். சில டிவிடி ரெக்கார்டர்களில் அந்த வேலையைச் செய்யும் மின்சுற்று உள்ளே இருக்கிறது. டெக்கின் மஞ்சள் முனையை ரெக்கார்டருக்குள் விட்டு, ரெக்கார்டரின் வெளியீட்டைக் கணினிக்குக் கொடுங்கள். டிவிடியில் பதிவு செய்ய வேண்டாம், கடந்து போனால் போதும். எல்லா ரெக்கார்டரும் உதவாது என்பதால், வாங்குமுன் உங்கள் கேசட்டையே எடுத்துப்போய்ப் போட்டுப் பாருங்கள்.

மின்வெட்டில் பதிவு பாதியில் அறுந்தால் கோப்பே திறக்காமல் போகலாம். எம்பி4 ஆக நேரடியாகப் பிடிப்பவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும். பிடிக்கும்போது இழப்பில்லாத முறையில் ஏவிஐ அல்லது எம்கேவி கோப்பாகப் பிடியுங்கள். மணிக்குச் சுமார் 30 ஜிபி ஆகும். டிஜிட்டல் வீடியோ (DV) வடிவத்தில் என்றால் மணிக்கு 13 ஜிபி.

அறிகுறி: ஒலி உதட்டோடு ஒட்டவில்லை

எப்படி விலகுகிறது என்று பாருங்கள். தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீராக விலகினால் ஒலியைப் பிடித்த கடிகாரமும் படத்தைப் பிடித்த கடிகாரமும் வேறுவேறு வேகம். படத்தின் நீளத்தையும் ஒலியின் நீளத்தையும் ஒப்பிட்டு, அந்த விகிதத்துக்கு ஒலியின் வேகத்தை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் மாற்றினால் முடிந்தது. திடீரென ஓரிடத்தில் தாவி, பிறகு அதே அளவில் நின்றால் அந்த இடத்தில் படங்கள் விடுபட்டிருக்கின்றன. இதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முயல வேண்டாம். மறுபடி பிடிப்பதே வழி. வர்ச்சுவல்டப் மென்பொருளில் பிடிக்கும்போதே எத்தனை படம் விடுபட்டது என்று ஓரத்தில் எண்ணிக்கை ஓடும், அதில் கண் வையுங்கள்.

அறிகுறி: ஆள் அசையும்போது சீப்புப்பல் போலக் கோடு

பழைய தொலைக்காட்சி ஒரு படத்தை ஒற்றைக்கோடு, இரட்டைக்கோடு என இரண்டு பாதியாக, விநாடிக்கு 50 பாதி அனுப்பியது. அதன் தடம்தான் இது. டேப்பிலிருந்து நேராகப் பிடித்த முதல்நிலைக் கோப்பில் இதைத் தொடாதீர்கள். பார்ப்பதற்கான பிரதியில் மட்டும் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற வீடியோ மென்பொருளின் பிடபிள்யூடிஃப் (bwdif) வடிகட்டியால் விநாடிக்கு 50 முழுப்படமாக மாற்றுங்கள். பொம்மலாட்டத்திலும் நடனத்திலும் அசைவின் வழுவழுப்பு அப்போதுதான் மிஞ்சும். மாற்றியபின் ஆட்கள் முன்னே ஒரு எட்டு பின்னே ஒரு எட்டு நடுங்கினால் எந்தப் பாதி முதலில் என்பது தலைகீழாக இருக்கிறது. அமைப்பை மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: சுத்தம் செய்தும் பொரி போகவில்லை, உருவத்துக்கு வலப்பக்கம் நிழல் உருவம்

பத்து விநாடிச் சோதனையில் இரண்டு முறையும் ஒரே மாதிரி வருகிறதா? டிராக்கிங் திருப்பினாலும் மாறவில்லையா? அப்படியானால் கோளாறே இல்லை. அன்று மாலை உங்கள் வீட்டு ஆன்டெனாவுக்கு வந்த சமிக்ஞையே அப்படித்தான் இருந்திருக்கிறது.

நம் மாவட்டத்துக்குத் திருவனந்தபுரம் கூப்பிடு தூரம், சென்னை வெகுதூரம். பலர் தமிழ் நாட்டில் இருந்துகொண்டு மலையாளச் சிறுவர் நிகழ்ச்சி பார்த்து வளர்ந்ததற்கு இதுதான் காரணம். கடற்கரை ஊர்களில் ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பினால் 1982இல் தொடங்கிய ரூபவாஹினி கிடைக்கும். கடலின் மேல் காற்று அடுக்கடுக்காக வெப்பம் மாறி நிற்கும் நாட்களில் சமிக்ஞை வளைந்து வெகுதூரம் போகும். அதனால்தான் சில மாலைகளில் இலங்கை கண்ணாடிபோல் தெரிந்து மறுநாள் வெறும் பொரியானது. வலப்பக்க நிழல், வேளிமலை போன்ற மலைகளில் பட்டுத் திரும்பிவந்த அதே சமிக்ஞை, கொஞ்சம் தாமதமாக.

இதைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியில் போட்டு 'சுத்தம்' செய்ய இப்போது பெரிய ஆசை எல்லோருக்கும். பொம்மையின் முகத்துக்குப் புதிதாக மூக்கு வரைந்துவிடும் அது. காப்பகத்துக்குப் போகும் கோப்பில் பொரி இருக்கட்டும். விளம்பரங்களையும் வெட்ட வேண்டாம், அறிவிப்பாளர் வந்து சொல்வதையும் வெட்ட வேண்டாம். நிகழ்ச்சி வேறெங்காவது கிடைக்கலாம், அதற்கு முன்னும் பின்னும் வந்த இரண்டு நிமிடம் கிடைக்காது. தேதி கண்டுபிடிக்கவும் அதுதான் உதவும்.

அறிகுறி: கேசட் இல்லை, சிடி மட்டும்தான், அதுவும் காப்பி ஆகவில்லை

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கேசட்டை விசிடியாக மாற்றிக் கொடுத்துக் கேசட்டைத் தூக்கி எறியச் சொன்ன கடைகள் நிறைய. விசிடி என்பது 352க்கு 288 அளவு, எம்பெக்-1. அதில் படம் இருக்கும் பகுதியில் சாதாரண டேட்டா சிடிக்கு உள்ள கூடுதல் பிழைதிருத்தம் கிடையாது. எனவே சின்னக் கீறலுக்கே கணினி பிழை காட்டி நிறுத்தும். வேறு டிரைவில் முயலுங்கள். பழைய டெஸ்க்டாப் டிரைவுகள் மெல்லிய லேப்டாப் டிரைவை விட நன்றாகப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன். கோப்பாக இழுக்காமல், வேகத்தைக் குறைத்து முழு சிடியையும் மூல உருவமாக எடுங்கள். அதிலுள்ள டேட் (.dat) படக் கோப்பை விஎல்சி மென்பொருள் ஓட்டும். தரத்தைக் கூட்டுகிறேன் என்று மறுபடி சுருக்க வேண்டாம், அப்படியே ஏற்றுங்கள்.

அறிகுறி: காப்பகத்தில் ஏற்றும்போது அடையாளப் பெயரை ஏற்கவில்லை

1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்கைவில் ஒவ்வொரு பதிவுக்கும் முகவரியில் வரும் அடையாளப் பெயர் ஒன்று உண்டு. அதில் ஆங்கில எழுத்து, எண், புள்ளி, கோடு மட்டுமே செல்லும். தமிழில் தட்டினால் ஏற்காது. ஒருமுறை உருவாக்கியபின் நீங்களாக மாற்றவும் முடியாது. அதனால் அவசரத்தில் 'வீடியோ1' என்று வைக்காமல் நிலையம், நிகழ்ச்சி, ஆண்டு என்ற வரிசையில் வையுங்கள். தலைப்பையும் விவரத்தையும் தமிழிலேயே எழுதலாம், எழுதவும் வேண்டும். தேடுபவர் பெரும்பாலும் தமிழில்தான் தேடுவார். மொழிப் பெட்டியைக் காலியாக விட்டால் மலையாள நிகழ்ச்சியும் தமிழ் நிகழ்ச்சியும் ஒன்றாகக் கலந்துவிடும்.

அறிகுறி: தேதி தெரியவில்லை

கேசட்டில் எழுதிய தேதியை முழுதாக நம்ப வேண்டாம். அதன்மேல் எத்தனை முறை பதிவு செய்தார்களோ! ஓட்டிப் பார்த்து எல்லைகளைக் குறுக்குங்கள். நிலையத்தின் ஆங்கிலப் பெயரில் ட்ரிவாண்ட்ரம் என்றிருந்தால் பெரும்பாலும் 1991க்கு முன், மெட்ராஸ் என்றிருந்தால் 1996 அல்லது அதற்கு முன். சன் டிவி முத்திரை இருந்தால் 1993 ஏப்ரலுக்கு முன் போகாது. கார்ட்டூன் நெட்வொர்க் என்றால் 1995க்குப் பின், சுட்டி டிவி என்றால் 2007க்குப் பின். நிகழ்ச்சி முடிந்து செய்தி தொடங்கும்வரை டேப் ஓடியிருந்தால் யோகம்தான். தலைப்புச் செய்தி ஒன்று கேட்டால் நாளையே பிடித்துவிடலாம். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் தேதிப் பெட்டியில் போடுங்கள். ஆண்டு மட்டும் போட்டாலும் அது ஏற்கும். ஊகத்தை, ஊகம் என்று சொல்லி, காரணத்தோடு விவரத்தில் எழுதுங்கள்.

அறிகுறி: ஏற்றம் பாதியில் நிற்கிறது, அல்லது ஏற்றியபின் படம் ஓடவில்லை

30 ஜிபி கோப்பு, விநாடிக்கு 20 மெகாபிட் ஏற்ற வேகத்தில் மூன்றரை மணி நேரம் எடுக்கும். உலாவியில் இவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பது சிரமம். பைத்தானில் இயங்கும் 'ஐஏ' என்ற கட்டளைக் கருவி இருக்கிறது. ஏற்கெனவே போய்ச் சேர்ந்த கோப்புகளைச் சரிபார்த்து விட்டுவிடும், மீதியை மட்டும் அனுப்பலாம். நள்ளிரவுக்கு மேல் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

ஏற்றிய உடனே படம் ஓடவில்லை என்றால் பதற வேண்டாம். பார்ப்பதற்கான எம்பி4ஐக் காப்பகமே பின்னணியில் தயாரிக்கிறது, வரிசையில் காத்திருக்க வேண்டும். நீங்கள் ஏற்கெனவே செய்த 50 படப் பிரதியையும் சேர்த்தே ஏற்றிவிட்டால் உடனே பார்க்கலாம், தரமும் நன்றாக இருக்கும். தளமே திறக்கவில்லை என்றால் அவர்கள் பக்கச் சிக்கல். 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு ஆளாகிப் பல நாள் முடங்கியது. அதற்காகத்தான் வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க், உறவினர் வீட்டில் இன்னொன்று. கேசட்டையும் எறிய வேண்டாம்.

உள்ளூர் கேபிள் நிகழ்ச்சியை ஏற்றும் முன் ஒரு பார்வை அவசியம். பிறந்தநாள் வாழ்த்துப் பகுதியில் பிள்ளையின் புகைப்படம், அப்பா பெயர், வீட்டு விலாசம் எல்லாமே வரும். அந்தப் பிள்ளைகள் இன்று நாற்பதை நெருங்குகிறார்கள். பொதுப் பிரதியில் விலாசத்தை மறைத்துவிடுங்கள்.

அறிகுறி: ஏற்றிய பதிவு காணாமல் போய்விட்டது

உரிமையாளர் புகார் கொடுத்திருப்பார், காப்பகம் எடுத்திருக்கும். இது நியாயம்தான். இந்தியச் சட்டப்படி ஒளிபரப்பு நிறுவனத்துக்கு ஒளிபரப்பின்மேல் உள்ள உரிமை 25 ஆண்டு, ஆனால் எடுத்த படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. எண்பதுகளின் தொடர் எதுவும் இன்னும் பொதுவுடைமை ஆகவில்லை. 'பழசுதானே' என்ற வாதம் செல்லாது. கேசட் உங்களுடையது, நிகழ்ச்சி உங்களுடையது இல்லை.

வேறு பெயரில் மறுபடி ஏற்றிக் கண்ணாமூச்சி ஆடினால் கணக்கே போகும், அதில் இருக்கும் மற்ற பதிவுகளும் சேர்ந்து போகும். முதல்நிலைக் கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு உரிமையாளருக்கு எழுதுவதுதான் பலன் தரும். தூர்தர்ஷன் நிகழ்ச்சி என்றால் பிரசார் பாரதிக்கு ஆவணக்காப்பகமே உண்டு, பழையவற்றை யூடியூபிலும் 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் தளத்திலும் வெளியிட்டு வருகிறது. உங்களிடம் இருக்கும் பகுதி அவர்களிடம் இல்லாமலும் போகலாம். எந்த நிகழ்ச்சி, எந்தத் தேதி அல்லது எந்த ஆண்டுக்குள், எத்தனை நிமிடம், எந்த வடிவக் கோப்பு, கேசட் கையில் இருக்கிறதா என்பதைச் சுருக்கமாக எழுதி, அரை நிமிடத் துண்டு ஒன்றை இணைத்து அனுப்புங்கள்.